தமிழ்99 பயிற்சியில் நான் திருத்தியவை

தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கற்பிக்க, ஓர் ஊடாடும் பயிற்சியை உருவாக்கினேன். முதல் வடிவத்தில், புள்ளி தானாக விழும் விதிகளையெல்லாம் குமிழ்களில் விளக்கி, ஒவ்வொன்றின் கீழும் ‘அடுத்து’ என்ற பொத்தானை வைத்திருந்தேன். எல்லோரும் அதைப் படபடவென அழுத்திக் கடந்துவிட்டு, இறுதியில் ‘அம்மா’ என்று அடிக்கத் தெரியாமல் விழித்தார்கள்.

பொத்தானை நீக்கிவிட்டு, சொல்லைச் சரியாக அடித்தால்தான் அடுத்த படி திறக்கும்படி மாற்றினேன். அ, ம, ம, ஆ என்ற வரிசையில் விசைகளை அழுத்தியதும் முதல் மகரத்தின்மேல் புள்ளி தானாக அமர்வதைக் கண்டவருக்கு விதியைத் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் விசைகளின் வரிசையையே நான் சரிபார்த்ததால், புள்ளி விசையைத் தாமே அழுத்தி அதே சொல்லைப் பெற்றவருக்கும் ‘தவறு’ என்று காட்டியது. (அவர் கோபித்துக்கொண்டது நியாயமே.) எனவே, திரையில் உருவான சொல்லை ஒப்பிடத் தொடங்கினேன்.

அதன்பின் ‘கொடி’ இடறியது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஒருவரின் தட்டச்சு மென்பொருள் இரண்டாம் முறையில் அனுப்பியதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை நிரலுக்கு வெவ்வேறாக இருந்தன. ஒப்பிடும் முன், அடித்த சொல், எதிர்பார்த்த சொல் இரண்டையும் என்எஃப்சி (இப்படிப் பிரித்து எழுதியவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் அந்தப் படி திறந்தது.