ஒரு டேட்டாபேஸ், இரண்டு பிரைமரி: கிளஸ்டர் கட்டும்போது செய்யக்கூடாதவை

புதிதாகக் கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் சர்வர் கூட்டம்) கட்டுகிறவர்கள் கான்ஃபிகரேஷனைக் காட்டினால், ஸ்டோனித் (ஃபென்சிங்குக்கான செட்டிங்) ஆனில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஆஃப். பேக்கப், மானிட்டரிங் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஃபென்சிங்கை அணைத்து வைப்பது

பதில் சொல்லாத சர்வரை அணைக்கும் ஃபென்சிங் கருவி எதுவும் கொடுக்காவிட்டால், கிளஸ்டரை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் எந்த சர்வீஸையும் கிளப்பாது. தேடிப் பார்த்தால், ஸ்டோனித்தை ஃபால்ஸ் ஆக்கு என்று ஒரு வரி கிடைக்கும். போட்டதும் எல்லாம் ஓடும். "டெஸ்டிங்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அதே ஃபைல் புரொடக்‌ஷனுக்குப் போகும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எழுத்தை ஏற்கும் பிரைமரியிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அதன் நகலான ஸ்டாண்ட்பைக்குத் தெரியும். அது செத்துவிட்டதா, நடுவில் லைன் போய்விட்டதா என்று தெரியாது. பழைய பிரைமரியின் பவரை அணைத்துவிட்டு, அதன்பின் பொறுப்பேற்பதுதான் ஃபென்சிங்.

ஓர் ஆன்லைன் கடையில் இரண்டு நோடில் (சர்வரில்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். யாரோ ஃபயர்வால் விதியை மாற்ற, நோடுகளுக்கு இடையிலான பேச்சு மட்டும் நின்றது. இரண்டுமே பிரைமரி. இரண்டு பக்கமும் ஆர்டர் எண் கொடுக்கும் சீக்வென்ஸ் கிட்டத்தட்ட அதே எண்ணிலிருந்து தொடர்ந்தது. ஒரே ஆர்டர் எண்ணில் இங்கே ஒருவருக்குப் புடவை, அங்கே இன்னொருவருக்கு மிக்ஸி. இன்வாய்ஸ் மெயிலும் போய்விட்டது. பதற்றத்தில் ஒருவர் போஸ்ட்கிரெஸின் பிஜி_ரீவைண்ட் கருவியை ஓட்டினார். அது இரண்டையும் சேர்த்துவைக்காது; ஒரு பக்கம் எழுதியதைத் தூக்கி எறியும். ஒரு பக்கத்து ஆர்டர்கள் அப்படியே போயின. எதைத் தொடும் முன்பும் எழுத்தை நிறுத்தி, இரண்டு டேட்டா டைரக்டரியையும் நகலெடுங்கள்.

மூன்றாவது ஓட்டு இல்லாத கிளஸ்டர்

கட்டாதீர்கள். இரண்டே நோடு என்றால் லைன் அறுந்ததும் எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இருக்காது. அந்த மூன்றாவது நோடில் டேட்டா இருக்க வேண்டியதில்லை, ஓட்டு போட்டால் போதும்.

கோரம் (பெரும்பான்மை ஓட்டு) இருக்கிறதே என்ற நிம்மதி

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் 43 விநாடிகள் இணைப்பு அறுந்தது. அங்கே கோரம் சரியாகவே கூடி, பிரைமரியை அமெரிக்க மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் முன்பு பிரைமரி இருந்த கிழக்கில் அதற்குள் எழுதப்பட்ட கொஞ்சம் டேட்டா மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. இழக்கவே கூடாத டேட்டா என்றால் சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனின் (நகலும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது) தாமதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஐபிஎம்ஐ ஒன்றையே நம்புவது

சர்வருக்கு மொத்தமாகக் கரண்ட் போனால், அதற்குள்ளேயே இருந்து பவரை அணைக்கும் ஐபிஎம்ஐயும் போகும். ஃபென்சிங் தோற்று ஃபெயிலோவர் (ஸ்டாண்ட்பை பொறுப்பேற்பது) நின்றுவிடும். இரண்டாவது வழியாக பிடியு (தூரத்திலிருந்தே கரண்டை நிறுத்தக்கூடிய பவர் போர்டு) வையுங்கள்.

சர்வீஸை ஸ்டாப் செய்து சோதிப்பது

ஒழுங்காக நிறுத்தினால் லைன் அறுந்த நிலை வராது. கேபிளைப் பிடுங்கிச் சோதியுங்கள்.