அதிபர் தேர்தல் வருஷத்துல செனட்டை எப்படி ஃபாலோ பண்றது

அமெரிக்க எலெக்‌ஷன்னா எல்லாரும் அதிபர் ரேஸையே பாப்பாங்க, நீங்க முதல்ல அந்த வருஷம் எந்த செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தோட மேலவை) சீட்டெல்லாம் தேர்தலுக்கு வருதுன்னு பாருங்க, மொத்தம் 100, மாநிலத்துக்கு 2, பதவிக்காலம் 6 வருஷம், அதனால ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்குதான் வரும். அதுலயும் பாதிக்கு மேல ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச கதை, விட்டுடுங்க.

அடுத்து, அதிபர் ஓட்டு ஒரு கட்சிக்கும் செனட் ஓட்டு இன்னொரு கட்சிக்கும் பிரியற மாநிலத்தை நோட் பண்ணுங்க, அங்கதான் சுவாரஸ்யமே. 2016ல ஒண்ணுகூட பிரியல, 2020ல மெய்ன் மாநிலத்துல டெமாக்ரட் பைடன் ஜெயிச்சாரு ஆனா செனட்டுக்கு ரிபப்ளிகன் சூசன் காலின்ஸ், 2024ல அரிசோனா, நெவாடா, மிச்சிகன், விஸ்கான்சின் நாலுலயும் ட்ரம்ப், செனட் மட்டும் டெமாக்ரட்!

ஜார்ஜியான்னா அவசரப்படாதீங்க, யாரும் 50% தாண்டலன்னா ரன்ஆஃப் (முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுதேர்தல்) வரும், 2020 தேர்தல் அப்படித்தான் 2021 ஜனவரி வரைக்கும் இழுத்துச்சு. செனட்ல ஓட்டு 50-50 ஆச்சுன்னா துணை அதிபர் ஓட்டுதான் முடிவு.