குழந்தை டம்ளரைத் தட்டினால் நீங்களும் தட்டுங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் "அம்மா", "தாத்தா" என்று சொல்லச் சொல்லிக் கேட்பதை இன்று சற்று நேரம் நிறுத்திவையுங்கள். அது செய்வதை நீங்கள் செய்யுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முறை எடுத்துக்கொள்ளும் பழக்கமே உரையாடலுக்கு அடிப்படை; அது இந்த விளையாட்டில் வேரூன்றுகிறது.

முதல் படி: ஒரே மாதிரிப் பொருள்களை இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளர், இரண்டு கரண்டி போதும். பிரான்சின் உளவியலாளர் ஜாக்லின் நாதெல், சரளமாகப் பேச்சு வராத குழந்தைகளை இப்படி இரட்டைப் பொருள்களோடு விளையாடவிட்டு ஆராய்ந்தார். ஒரு குழந்தை தொப்பியை எடுத்தால் மற்றதும் தொப்பியை எடுத்தது. அடுத்த முறை வழிகாட்டும் இடமும் பின்பற்றும் இடமும் மாறின. ஒரு சொல்கூட இல்லாமல் நடந்த உரையாடல் அது! ஒரே பொம்மையைக் கொடுத்தால் பிடுங்கல்தான் மிஞ்சும்.

இரண்டாவது படி: தரையில் எதிரே உட்காருங்கள். குழந்தை இரண்டு தட்டு தட்டினால் நீங்களும் இரண்டு தட்டுங்கள். பிறகு கையை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கடினம். அமைதியைப் பேச்சால் நிரப்பத் துடிப்போம். பொறுங்கள். தன்னை ஒருவர் பின்பற்றுகிறார் என்று உணரும் குழந்தை உங்களை உற்றுப் பார்க்கும், வேண்டுமென்றே மறுபடி தட்டிச் சோதிக்கும். அந்தப் பார்வை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது படி: சிறு மாற்றம். தட்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பின்பற்றினால் "டொக்" என்று ஒலி சேருங்கள். பிறகு "கவிழ்த்தாச்சு" என்று ஒரே ஒரு சொல். குழந்தை "தாச்சு" என்றாலும் திருத்தாதீர்கள். சரியான சொல்லை நீங்கள் இயல்பாகத் திரும்பச் சொன்னால் போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விளையாட்டை முடித்துவிடுங்கள்.

அன்றைக்கே பலன் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். பதினான்கு மாதக் குழந்தைகள் பார்த்த செயலை ஒரு வாரம் கழித்தும் செய்துகாட்டுவதை அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். நாளைக்குத் திடீரென்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு உங்களைப் பார்த்தால், கைவேலையை விட்டுப் பதில் கொடுங்கள்.

துடைப்பம் எடுத்தால் தானும் பெருக்க வருவது ஒன்றரை வயதில் பொதுவாகக் காணப்படும் வளர்ச்சி. அந்த வயதிலும் குழந்தை எதையும் பின்பற்றாமல், கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.