புலனக் (வாட்ஸ்அப்) குழு அட்மின்களுக்கு: அரசியலை மூடாமல் குழுவை நடத்துவது எப்படி?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக் குழுவுக்கு நான்தான் அட்மின். தண்ணீர்த் தடை, லிஃப்ட் பழுது, கோயில் திருவிழா என்று போகும் குழுதான். ஆனால் நாட்டில் எது நடந்தாலும் அங்கேயும் வந்துவிடும். அரசியலே பேசக்கூடாது என்று தடை போடும் அட்மின்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. எங்கள் புளோக்கில் பல பெரியவர்களுக்குச் செய்தி வருவதே புலனம் வழியாகத்தான். அதையும் அடைத்துவிட்டு அவர்களிடம் ஓட்டு மட்டும் போடச் சொல்வது நியாயமில்லை.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 114ஏ பிரிவு, ஒரு பதிவில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று காட்டப்படுபவரே அதை வெளியிட்டதாக எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தது. போலீஸ் சொன்னதும் சில நிமிடங்களில் அவற்றை நீக்கியிருந்தும் தப்பவில்லை. (சில மணி நேரத்தில் பொதுமக்கள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.) இது போக, பொய்யான, கடுமையாகப் புண்படுத்தும் செய்திகளை உள்நோக்கத்தோடு இணையத்தில் பரப்புவது பற்றிய, தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தண்டனை 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. முன்பு 50 ஆயிரமாக இருந்த அபராதம் இது.

சரி, என்ன செய்யலாம்? குழு விவரத்திலேயே விதியை எழுதி வையுங்கள்: அரசியல் பேசலாம், எங்கிருந்து வந்த செய்தி என்று சொல்லிப் பேசுங்கள், இனம், மதம், மன்னர் தொடர்பானது என்றால் முதலில் அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். இன்னொருவரையும் அட்மினாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் தூங்கும் நேரத்தில்தான் பாதி வந்து சேரும்.

அடுத்தது சரிபார்ப்பது. 2025 மார்ச்சில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பத்ரகாளியம்மன் கோயிலை இடம் மாற்றும் பிரச்சினை கொதித்தபோது, கோயிலை இடித்துவிட்டார்கள் என்று ஒரு படம் எங்கள் குழுவுக்கு வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தது. அதாவது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. படம் முன்பு எங்கே வந்தது என்று தேடித் தரும் கூகுள் லென்சில் போட்டேன். வேறு எங்கோ எடுத்த பழைய படம். அதை நீக்கியதோடு நிறுத்தாமல், உறுதியாகத் தெரிந்ததை எழுதினேன்: நிலம் 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, கோயில் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அருகிலேயே வேறு இடம் தரப் பேச்சு நடக்கிறது. கோபம் தணியவில்லை, தணிய வேண்டியதும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலான கோயில் இருக்கும் நிலத்தை ஏன் விற்றார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியை நான் நீக்கவே இல்லை, நீங்களும் நீக்காதீர்கள். பொய்யை எடுத்தால்தான் இப்படிப்பட்ட கேள்விக்கு இடம் கிடைக்கும்.

குரல் பதிவு வந்தால் கஷ்டம்தான், லென்ஸ் உதவாது. அனுப்பியவரைத் தனியாகக் கேளுங்கள்: “அக்கா, இது யார் பேசுறதுன்னு தெரியுமா? தெரியலன்னா எடுத்துடலாமா?” குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் அவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

எம்சிஎம்சி எனும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அய்ஃபா எனும் செய்தி சரிபார்ப்பு சாட்பாட்டில் தமிழிலேயே கேட்கலாம். மோசடிச் செய்திகளுக்கு நல்ல உதவி. ஆனால் அது அரசாங்க அமைப்பின் கருவி. அரசாங்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அதோடு நிற்காமல், சுயேச்சையான செய்தித் தளங்களையும் பாருங்கள். அமைச்சர் நாடாளுமன்றத்தில் இப்படிச் சொன்னார் என்று வந்தால், நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேதிவாரியாக ‘பென்யாத்தா ரஸ்மி’ எனும் அவைப் பதிவு இருக்கிறது. மலாயில் முழுப் பேச்சும் கிடைக்கும்.

ஒரு தளம் தடுக்கப்பட்டிருப்பதால் அதில் உள்ளது பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1எம்டிபி எனும் அரசு முதலீட்டு நிறுவனத்தின் பண மோசடி விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் 2015 ஜூலையிலிருந்து 2018 மே வரை இங்கே தடுக்கப்பட்டிருந்தது. அது எழுதிய விவகாரம் பிறகு நீதிமன்றம் வரை போனது.

நீக்க வேண்டிய செய்தி என்றால், நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று ஒரு வரி போடுங்கள். நீங்கள் வெளியிடவில்லை என்று காட்ட அந்தப் படம் உதவும். ரொம்பச் சூடான இரவுகளில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றலாம், ஆனால் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

போலீஸ் அழைத்தால் அதன்பிறகு எதையும் அழிக்காதீர்கள், முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். கைதானால் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒய்பிஜிகே எனும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் விசாரணைக் காவல் (ரிமாண்ட்) நேரத்தில் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அந்த எண்ணைத் தேடி இன்றே போனில் பதிந்து வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும்.