வளரிளம் பருவத்தினரின் உணவை அளக்கும் முறையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலானவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. இவர்கள் நாள் முழுவதும் உண்பதை ஒருவர் உடனிருந்து எடை போட்டு அறிவது பெரும்பாலும் நடவாத காரியம் என்பதால், அவர்கள் சொல்வதையோ எழுதுவதையோ நம்பியே ஆய்வுகள் நடக்கின்றன. அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு சிறு குழுவிடம் சோதித்துவிட வேண்டும்.

முதலில் கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு குழுவின் சராசரி மட்டும் போதுமென்றால், ஒவ்வொருவரிடமும் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதை ஒருமுறை கேட்டாலே போதும். விடுமுறை நாள்கள் உட்பட வாரத்தின் எல்லா நாள்களும் அதில் இடம்பெற வேண்டும். அதிகம் உண்பவர், குறைவாக உண்பவர் என்று வரிசைப்படுத்த வேண்டுமானால், எந்த உணவை எத்தனை முறை உண்கிறார்கள் என்று கேட்கும் வினாப்பட்டியல் உதவும். தனி ஒருவரின் வழக்கமான உணவை அறிய ஒருநாள் விவரம் ஒருபோதும் போதாது.

எத்தனை நாள் தேவை என்பதைக் கணக்கிட முடியும். ஒரே ஆளின் உணவில் நாளுக்கு நாள் காணும் மாறுபாட்டை, ஆளுக்கு ஆள் காணும் மாறுபாட்டால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது 2 என்று வைத்துக்கொண்டால், பதிவு செய்த உணவுக்கும் உண்மையான வழக்கத்துக்கும் 0.8 அளவுக்கு ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒருசேரக் கூடிக் குறைகின்றன என்பதன் அளவு; உச்சம் 1) கிடைக்க 4 நாள்கள் வேண்டும், 0.9 வேண்டுமென்றால் 9 நாள்கள் ஆகும். இவை அடுத்தடுத்த நாள்களாக இல்லாதிருப்பது நல்லது. ஆனால் நாள்களை எவ்வளவு கூட்டினாலும், எல்லாரும் ஒரே பக்கமாகக் குறைத்துச் சொல்லும் பிழை நீங்காது.

அடுத்து, வினாப்பட்டியலை அதே மாணவர்களிடம் இரண்டாம் முறை கொடுத்துப் பாருங்கள். இடைவெளி சில நாள்களாக இருந்தால் அவர்கள் பழைய விடையை நினைவில் வைத்து எழுதிவிடுவார்கள். பல மாதங்களானால் உணவே மாறியிருக்கும். வேகமாக வளரும் வயதில் பசியும், தேர்வுக் காலத்தில் உண்ணும் நேரமும் மாறுவதால், இரு விடைகள் பொருந்தாமற்போனால் கருவியைக் குறைசொல்லும் முன் இந்தக் காரணங்களை ஆராய வேண்டும்.

இரு முறையும் ஒரே விடை வந்ததாலேயே அது உண்மை என்று கொள்ளக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாரும் தாம் உண்டதில் சரிபாதியை மட்டுமே சொன்னாலும், சொன்னதற்கும் உண்டதற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, அதாவது ஒட்டுறவைக் காட்டும் எண், 1 என்றே வரும். ஆகவே வினாப்பட்டியலை வேறொரு முறையோடு ஒப்பிட்டு, புள்ளியியலாளர்களான பிளாண்ட், ஆல்ட்மன் ஆகியோர் 1986-இல் விளக்கியபடி, அந்த இரு அளவீடுகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒப்பிடும் முறையும் நினைவையே நம்பியதாக இருந்தால், இரண்டும் சேர்ந்தே தவறக்கூடும். டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-உம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் எடை கூடிய வகைகள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் அவை குறையும் வேகத்திலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிட்டு, உண்டதாகச் சொன்ன ஆற்றலோடு ஒப்பிடும் முறை நினைவைச் சார்ந்ததன்று; செலவு மிகுதி என்பதால் அதைச் சிலரிடம் மட்டுமே செய்ய இயலும். உண்ட புரதத்திலிருந்து சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனைக் கொண்டு புரத அளவைச் சரிபார்ப்பவர்கள், வளரும் உடல் நைட்ரஜனில் ஒரு பங்கைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது.

இவ்வயதினர் உண்டதைக் குறைத்துச் சொல்வது பரவலாகக் காணப்படுவது. உடல் எடை மிகுந்தவர்களிடம் அது இன்னும் கூடுதல். அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. தம் உடலைப் பற்றிய கூச்சமும், நண்பர்களோடு நின்றபடி கொறித்தது நினைவில் தங்காததும், அளவை மதிப்பிடத் தெரியாததுமே பெரும்பாலும் காரணங்கள். எனவே பெற்றோர் உடனில்லாத இடத்தில் கேளுங்கள். எந்த விடைக்கும் பாராட்டோ முகச்சுளிப்போ காட்டாதீர்கள். முதலில் அவர்களாகவே சொல்லவிட்டு, பிறகு பானங்கள், இனிப்புகள், இடைத்தீனி என்று மறந்தவற்றை நினைவூட்டி, நேரத்தையும் இடத்தையும் கேட்டு, அளவுப் படங்களைக் காட்டி, இறுதியில் ஒருமுறை முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். குறிப்பேட்டில் எழுதச் சொன்னால், எழுதுவதற்குச் சலித்து உணவையே எளிமையாக்கிக்கொள்பவர்களும் உண்டு. முதல் நாளையும் கடைசி நாளையும் ஒப்பிட்டால் அது தெரியவரும்.

பதிவான உணவின் ஆற்றலை, வயது, பால், எடை ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட அடிப்படை வளர்சிதை மாற்ற ஆற்றலால் (உடல் ஓய்வில் இருக்கும்போதே உயிர்வாழச் செலவிடும் ஆற்றல்) வகுத்து, உயிர்வாழவே போதாத அளவுகளை அடையாளம் காணுங்கள். அவற்றைச் சத்தமின்றி நீக்கினால் எடை மிகுந்த மாணவர்களே அதிகம் வெளியேறுவார்கள்; ஆகவே அவர்களைச் சேர்த்து ஒருமுறையும் விலக்கி ஒருமுறையும் கணக்கிட்டு, இரு முடிவுகளையும் அறிக்கையில் அருகருகே கொடுங்கள்.