பெரும்புயல் வருமுன்: ஃபுளோரிடா, டெக்சாஸ் கரையோரம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு

வேலை நிமித்தம் டாம்பாவுக்கோ ஹூஸ்டனுக்கோ குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, அங்கே புயல் ஆபத்து எவ்வளவு என்பது. மாநிலத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் சொல்லிக் கேட்டால் இதற்கு உருப்படியான விடை கிடைக்காது. ஒரே ஊரில், கடலை ஒட்டிய தாழ்வான தெருவில் இருப்பவர் உயிரைக் காத்துக்கொள்ள வெளியேற வேண்டியிருக்கும். சில கிலோமீட்டர் உள்ளே, மேட்டில், அண்மைக் காலத்தில் கட்டிய வீட்டில் இருப்பவர் மின்சாரமில்லாத ஒரு வாரத்தைச் சமாளிக்கத் தயாரானால் போதும். எனவே முதல் வேலை, புயல் எதுவும் கண்ணில் படாத ஒரு நாளில், உங்கள் வீட்டு முகவரியை வைத்து வெளியேற்ற மண்டலத்தைப் பார்த்து வைப்பது. ஃபுளோரிடாவின் கரையோரக் கவுண்டிகளில் இந்த மண்டலங்கள் ஏ, பி, சி என்று எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஏ மண்டலமே முதலில் வெளியேற வேண்டியது. வெள்ளக் காப்பீட்டுக்காக அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வெளியிடும் வெள்ள மண்டல வரைபடம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, எங்கள் வீடு வெள்ள மண்டலத்தில் இல்லை, ஆகவே வெளியேறத் தேவையில்லை என்று முடிவு கட்டுபவர்கள் பலர் உண்டு. அது ஆபத்தான தவறு.

எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

அமெரிக்காவில் ஹரிக்கேன் எனப்படும் பெரும்புயல்களைச் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோலின்படி 1 முதல் 5 வரை வகைப்படுத்துகிறார்கள். மணிக்கு 178 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நிலையான காற்று வீசினால் அது 3-ஆம் வகை. அங்கிருந்துதான் ‘மேஜர் ஹரிக்கேன்’ என்ற பெயர் தொடங்குகிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலின் காற்று மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். இந்திய வானிலை ஆய்வுத்துறை 3 நிமிடச் சராசரியையும் அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரியையும் கணக்கில் கொள்வதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகும், காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 3-ஆம் வகைப் புயல் சுவரின் மீது தரும் அழுத்தம் கஜாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

ஆனால் இந்த அளவுகோல் காற்றைத் தவிர வேறெதையும் அளப்பதில்லை. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இத்தகைய புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நீரால் இறந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ எனப்படும், காற்று கரைக்குள் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரால் மாண்டவர்கள். 2005-இல் கத்ரீனா கரையைக் கடந்தபோது அது 3-ஆம் வகைதான். மிசிசிப்பிக் கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் ஏறியது, நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தன. 2017-இல் ஹார்வி ஹூஸ்டனைக் காற்றால் தாக்கவில்லை. நாட்கணக்கில் நகராமல் நின்று பெய்த மழையால் மூழ்கடித்தது. டெக்சாஸில் நெதர்லாண்ட் என்ற ஊரில் பதிவான மழை 1,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. 2024-இல் ஹெலீன் ஃபுளோரிடாவில் கரையேறிய பிறகு, கடலே கண்ணில் படாத வட கரோலினா மலைப் பகுதியில், ஆஷ்வில் நகரைச் சுற்றி, பேரழிவை நிகழ்த்தியது. இதனால்தான் அங்கே ‘காற்றுக்கு ஒளிந்துகொள், தண்ணீருக்கு ஓடிவிடு’ என்ற பொருளில் ஒரு வழக்கு இருக்கிறது. வெளியேறுவதா தங்குவதா என்ற முடிவை நீரை வைத்தே எடுக்க வேண்டும். காற்றுக்கு உறுதியான வீடும் உள்ளறையும் பெரும்பாலும் போதும். மொபைல் ஹோம் எனப்படும் நகர்த்தும் வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. எந்த மண்டலமானாலும் அவர்கள் வெளியேறியே ஆக வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை முழு அறிவிப்பு வெளியிடுகிறது. கோடைக்கால நேரப்படி கிழக்குக் கரையில் அது காலை 5, முற்பகல் 11, மாலை 5, இரவு 11 மணி. கரைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டபின் இடையிலும் அறிவிப்புகள் வரும். இந்த நேரங்களில் மட்டும் பார்த்தால் போதும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கணினிக் கணிப்புப் படங்களை மணிக்கொரு முறை பார்ப்பதால் பதற்றம் மட்டுமே கூடும்.

அறிவிப்போடு வரும் கூம்பு வடிவப் படத்தைத் தவறாகப் படிப்போர் ஏராளம். அந்தக் கூம்பு புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. புயலின் மையம் எந்த எல்லைக்குள் செல்லக்கூடும் என்பதையே காட்டுகிறது. அதிலும் மூன்றில் ஏறக்குறைய ஒரு முறை மையமே கூம்புக்கு வெளியே போய்விடும் வகையில்தான் அது வரையப்படுகிறது. 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது எல்லோர் கண்ணும் டாம்பா மீது இருந்தது. புயல் 28-ஆம் தேதி 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கயோ கோஸ்டா தீவில் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் கடல் 3 முதல் 4.5 மீட்டர் வரை ஏறிற்று. அதே நேரத்தில் டாம்பா விரிகுடாவில் நீர் வற்றித் தரை தெரிந்தது.

இந்த முரணுக்குக் காரணம் புயலின் சுழற்சி. வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது நகரும் திசைக்கு வலப்பக்கத்தில் காற்று கடலைக் கரைக்குள் தள்ளும். தமிழகக் கரைக்குப் புயல் கிழக்கிலிருந்து வரும். ஆகவே மையத்துக்கு வடக்கே இருப்பவருக்குத்தான் கடல் ஏறும். ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு அது மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வருவதால், தெற்கே இருப்பவர் மாட்டிக்கொள்கிறார். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ புயல் பார்த்து வளர்ந்தவர் அந்த அனுபவத்தை அப்படியே டாம்பாவுக்குக் கொண்டுவந்தால் திசை தலைகீழாகிவிடும்.

அறிவிப்பில் ‘வாட்ச்’ என்றால் ஹரிக்கேன் காற்று வரக்கூடும் என்று பொருள். அதைவிடக் குறைந்த, வெப்பமண்டலப் புயல் அளவுக் காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பு அது வெளியாகும். ‘வார்னிங்’ என்றால் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு 36 மணி நேரம். கடல்நீர் ஏற்றத்துக்கென்று 2017 முதல் தனி வாட்ச், தனி வார்னிங் உண்டு. உங்கள் வீடு அந்த எச்சரிக்கைக்குள் வந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் வெளியேறுங்கள். புயல் ஒரே நாளில் உக்கிரமடையவும் கூடும்: 2023 அக்டோபரில் ஓடிஸ், மெக்சிகோவின் அகாபுல்கோவை நெருங்கியபோது, 24 மணி நேரத்துக்குள் சாதாரணப் புயலிலிருந்து 5-ஆம் வகையாக வளர்ந்தது. ஆகையால் வலுக் கூடினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் திட்டம் திட்டமே ஆகாது.

நாட்கள் கையில் இருக்கும்போது

காப்பீடு புயல் பருவத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய காரியம். பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. சாதாரண வீட்டுக் காப்பீடும் வாடகைதாரர் காப்பீடும் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரா. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தால், பொதுவாக 30 நாள் கழித்தே பாதுகாப்பு தொடங்கும்; புயல் கிளம்பியபின் வாங்கிப் பயனில்லை. ஃபுளோரிடாவில் ஹரிக்கேன் சேதத்துக்கு நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகை, பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் இருக்கும். 4 லட்சம் டாலர் மதிப்பில் 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். கையெழுத்திட்ட பத்திரத்தில் இந்த வரி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

புயல் ஐந்து நாள் தொலைவில் இருக்கும்போதே காரில் எரிபொருளை நிரப்புங்கள், மருந்துகளை வாங்குங்கள், கொஞ்சம் ரொக்கம் எடுத்து வையுங்கள். 2017-இல் இர்மாவுக்காக ஃபுளோரிடாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேறச் சொன்னபோது பல பெட்ரோல் நிலையங்கள் வறண்டுபோயின. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருந்தால் அவர்களுடைய மருந்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் எழுதித் தந்த சீட்டை அமெரிக்க மருந்தகம் ஏற்காது, தீர்ந்துபோனால் அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம்தான் போக வேண்டும். இன்சுலினுக்குக் குளிர்பெட்டியும் பனிக்கட்டியும் தேவை.

ஆவணங்களில் பாஸ்போர்ட்டுகள், விசா தொடர்பான ஐ-797 ஒப்புதல் கடிதங்கள், கிரீன் கார்டு, ஓசிஐ அட்டை, பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவை நீர் புகாத ஓர் உறையில் இருக்கட்டும். கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். விசாவில் இருப்பவருக்கு இந்தத் தாள்கள் நனைந்தால் ஏற்படும் அலைச்சல், சோபா நனைவதைவிடப் பெரிது. வீட்டின் ஒவ்வோர் அறையையும் அலமாரிகளைத் திறந்து வைத்து வீடியோ எடுங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். ஒரு வாரத்துக்குச் சேர்த்தால் நால்வர் குடும்பத்துக்குச் சுமார் 110 லிட்டர் ஆகிறது. கழிப்பறைக்குக் குளியல் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். உணவு விஷயத்தில் நம் சமையலறைக்கு ஒரு வசதி உண்டு. அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு, பேரீச்சை, ஊறுகாய் இவற்றுக்கு அடுப்பும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். அவலை நனைத்து, பருப்புப்பொடி தூவினால் ஒரு வேளை கழிந்தது. இட்லி மாவை மட்டும் அந்த வாரம் அரைக்காதீர்கள். மின்சாரம் போனால் மறுநாளே புளித்து வழியும். மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது, உணவைக் கொட்டிவிட வேண்டும்.

ஜன்னலில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது வீண். அதனால் கண்ணாடி உடையாமல் இருக்காது. ஷட்டர் அல்லது தடித்த பிளைவுட் பலகை வேண்டும். காற்று வீட்டுக்குள் புகும் பலவீனமான இடம் பெரும்பாலும் கராஜ் கதவு. முற்றத்துப் பூந்தொட்டி, நாற்காலி, துளசி மாடம் அனைத்தையும் உள்ளே எடுங்கள்.

வெளியேற வேண்டுமென்றால் மாநிலத்தைத் தாண்டி ஓட வேண்டியதில்லை. கடல்நீர் எட்டாத மேட்டில், சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில், நண்பர் வீடு இருந்தால் அதுவே சிறந்தது. 2005-இல் ரீட்டாவுக்கு அஞ்சி ஹூஸ்டனே ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தது. கொளுத்தும் வெயிலில் நின்ற அந்த நெரிசலும் விபத்துகளும் நூறு பேர் அளவில் உயிரைப் பறித்தன, புயலோ விலகிப் போயிற்று. வெளியேற்ற மண்டலத்தில் இல்லாதவர் வீட்டிலேயே இருப்பது, வெளியேற வேண்டியவருக்குச் செய்யும் உதவியும்கூட.

எந்த ஊர் பாதுகாப்பானது?

இடம் மாறும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் ஹரிக்கேனை மட்டும் தட்டில் வைத்து மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். டல்லாஸில் கடல் இல்லை. ஆனால் டொர்னாடோவும் ஆலங்கட்டி மழையும் உண்டு, 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் டெக்சாஸ் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றி உறைந்தன. டொர்னாடோ எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் நடுவே கிடைப்பது பல நேரம் பத்து நிமிடம்தான். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நிலநடுக்கம் சொல்லிக்கொண்டு வராது, 1989-இல் 6.9 அளவில் வந்தது. நியூ ஜெர்சி பத்திரமானது என்பாரும் உண்டு: 2021-இல் லூசியானாவில் கரையேறிய ஐடாவின் எச்சம் மூன்று நாள் கழித்து அங்கே பெய்தபோது, காரில் சிக்கியவர்கள் பலர் மாண்டனர், பக்கத்து நியூயார்க்கில் அடித்தள வீடுகளிலேயே பலர் மூழ்கினர்.

என் கணிப்பில், ஹரிக்கேன் பெரும்பாலும் நாட்கணக்கில் முன்னறிவிப்பு தரும் பேரிடர். உயிருக்கான ஆபத்தை அதில் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். பொருள் இழப்பையும் காப்பீட்டுச் செலவையும் குறைப்பது கடினம். ஃபுளோரிடாவில் வீடு வாங்குபவர், 1992-இல் ஆண்ட்ரூ புயல் தந்த பாடத்தால் 2002-இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின்படி கட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஹூஸ்டனில் அதைவிட முக்கியம், ஹார்வியில் அந்தத் தெருவில் நீர் எதுவரை நின்றது என்பது. அங்கே மூழ்கிய வீடுகளில் பெரும்பகுதி வரைபடத்தின் வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. விற்பனை முகவரைவிட எதிர்வீட்டுக்காரர் இதை நன்றாகச் சொல்வார்.

புயல் ஓய்ந்தபின்

காற்று திடீரென்று நின்றால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும், வெளியே வராதீர்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் மட்டும் ஓட்டுங்கள். கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு கொல்லும். 2020-இல் லாரா புயலுக்குப் பின் லூசியானாவில் இப்படியே பலர் இறந்தனர். ஓடும் நீர் அரை அடி இருந்தால் ஆளைச் சாய்க்கும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும். உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார் பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக் கூடும் என்பதால், அதை வீட்டை விட்டு அகற்றி நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நீர் புகுந்திருந்தால், துடைக்கத் தொடங்கும் முன் சுவரில் அது விட்டுச்சென்ற கோட்டின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். நனைந்த பொருள்களைத் தெருவோரம் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, நனைந்த தரைவிரிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வரும்போது அதைக் கேட்பார்.