தொலைவா, இடப்பெயர்ச்சியா? சுண்ணக்கட்டியும் நாணயமும் வைத்து ஒரு செய்முறை

இயக்கவியல் சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட ஒரு கழித்தல் குறியில் வழுக்கிவிடுவார்கள். நானும் வழுக்கியவன்தான். எங்கே நின்று பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமலே கணக்கைத் தொடங்குவதுதான் கோளாறு. அதனால் சூத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு, சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, மீட்டருக்கு ஒரு குறியாக 0 முதல் 8 வரை எழுதுங்கள். 0 தான் ஆதிப்புள்ளி. எண்கள் கூடும் பக்கம் கூட்டல் திசை, எதிர்ப்பக்கம் கழித்தல் திசை. பாதிக் கணக்கில் இதை மாற்றக்கூடாது.

அடுத்து, நடக்க வேண்டும். 2-இல் தொடங்கி 8 வரை போய், திரும்பி 5-இல் வந்து நில்லுங்கள். நடந்த நீளம் 6 + 3 = 9 மீட்டர். இது தொலைவு. இடப்பெயர்ச்சிக்கு, போன வழியை மறந்துவிடலாம். நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிய இடத்தைக் கழித்தால் 5 − 2 = +3 மீட்டர். சரி, அப்படியே 2-க்குத் திரும்பி வந்துவிட்டால்? தொலைவு 12 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழி. கால் வலிப்பதெல்லாம் தொலைவின் கணக்கு!

நேர்கோட்டை விட்டும் செய்து பார்க்கலாம். 4 மீட்டர் நடந்து, செங்கோணத்தில் திரும்பி 3 மீட்டர் நடந்தால் தொலைவு 7. தொடக்கத்தையும் முடிவையும் நாடாவால் நேராக இணைத்தால் 5 தான் வரும். இடப்பெயர்ச்சியின் அளவு தொலைவைத் தாண்டவே தாண்டாது.

இப்போது கோட்டிலுள்ள எண்களை அழித்து, ஒவ்வொன்றோடும் 10 கூட்டி எழுதுங்கள். அதே நடை இப்போது 12, 18, 15 என்று ஆகும். இடப்பெயர்ச்சி? 15 − 12 = 3. மாறவில்லை. ஆதிப்புள்ளியை எங்கே வைத்தாலும் கவலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஆதிப்புள்ளியே நகர்ந்துகொண்டிருந்தால் கதை வேறு. மேசைமீது ஒரு நீளக் காகிதத்தை விரித்து, அதன்மேல் ஒரு நாணயம் வையுங்கள். காகிதத்தை வலப்பக்கம் 20 சென்டிமீட்டர் சீராக இழுங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே, மறு கையால் நாணயத்தைக் காகிதத்தின்மேல் இடப்பக்கமாக 5 சென்டிமீட்டர் சீராக நகர்த்துங்கள். (முதல் தடவை கை குழம்பும், பரவாயில்லை.) வலப்பக்கத்தைக் கூட்டல் திசையாகக் கொண்டால், காகிதத்தைப் பொறுத்து இடப்பெயர்ச்சி −5, மேசையைப் பொறுத்து +15. தொலைவும்கூட ஒன்றுக்கு 5, மற்றதற்கு 15. இரண்டு விடையும் சரிதான். எதைப் பொறுத்து அளக்கிறோமோ அதுதான் குறிப்பாயம். காகிதம் ஒரு குறிப்பாயம், மேசை இன்னொரு குறிப்பாயம்.

இதில் எதுதான் ‘உண்மையான’ நகர்வு என்று கேட்கத் தோன்றும். 1632-இல் வெளிவந்த நூலில் கலிலியோ, சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறையை எடுத்துக்காட்டினார். சொட்டும் நீரும் பறக்கும் பூச்சிகளும் கப்பல் நிற்கும்போது எப்படியோ அப்படியேதான் உள்ளே தெரியும். அவற்றை வைத்துக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. மேசையும் அசையாத பொருள் இல்லை. நிலநடுக்கோட்டில் இருக்கும் மேசை, பூமியின் சுழற்சியால் மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர் போகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. நொடிக்கு 20 மீட்டர் ஓடும் ரயிலில், பின்பக்கமாக நொடிக்கு 1 மீட்டர் வீதம் 5 நொடி நடக்கிறீர்கள். ரயில் ஓடும் திசை கூட்டல். பெட்டியைப் பொறுத்தும் தண்டவாளத்தைப் பொறுத்தும் இடப்பெயர்ச்சி என்ன? −5 மீட்டர், +95 மீட்டர் என்று வந்ததா?